குடிப்பது காவிரி, விடுவது பெண்ணை

ஜீவனஹள்ளியில் பெய்யும் மழைக்கும் காவிரிக்கும் சம்பந்தமே இல்லை. பெங்களூரின் முதுகுபோல ஒரு மேட்டு வரிசை வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதற்கு மேற்கே விழுகிற தண்ணீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், பிறகு காவிரியில் சேரும். கிழக்கே விழுவது ஏரிக்கு ஏரி இறங்கி தட்சிண பினாகினிக்குப் போகும். தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் அதே ஆற்றுக்குத் தென்பெண்ணை என்று பெயர். காக்ஸ் டவுனுக்கும் லிங்கராஜபுரத்துக்கும் நடுவில், பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் ஜீவனஹள்ளி இந்தக் கிழக்குச் சரிவில் இருக்கிறது. இங்கே ஒரு மொட்டைமாடியில் விழுந்த மழை, வழியில் எங்கும் தேங்காவிட்டால், ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று போய் கடலூரில்தான் கடலைத் தொடும். பூம்புகார் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

ஆனால் குழாயில் வருவது காவிரி. ஒரு படுகையின் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு படுகையில் சாக்கடையாக விடுகிற ஊர் இது. இரண்டு ஆறுகளும் தமிழ்நாட்டுக்குத்தான் வருகின்றன. உலகத்தின் நன்னீர் இனி என்ன ஆகும் என்று கேட்பவர்கள் பனிப்பாறையையும் கடல்நீர் சுத்திகரிப்பையும் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இப்படி ஒரு தெருவின் மேன்ஹோலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டோன்மென்ட் பக்கத்தின் பழைய தமிழ்க் குடியிருப்புகளில் தண்ணீருக்கு மூன்று பெயர்: காவேரி, போர், டேங்கர். காவேரி குடிக்க, சமைக்க. பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம். வந்ததும் சம்ப் எனும் தரையடித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, மோட்டார் போட்டு, கீழ்வீட்டுக்காரர் ‘உங்க டேங்க் வழியுதுங்க’ என்று சத்தம் போடும்வரை ஓடவிடுவது வழக்கம். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். அது உப்புக் காய்ந்த வாளியைப் பார்த்தாலே தெரியும். போரும் கைவிட்டால் டேங்கர். மூன்றாவதற்குப் போகும்போதுதான் தண்ணீர் ஒரு செலவு என்பது வீட்டுக் கணக்கில் ஏறுகிறது.

காவேரித் தண்ணீர் இங்கு வந்து சேரும் கதையைத் தெரிந்துகொண்டால் குழாயைத் திறக்கக் கை கூசும். மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று நிலையத்துக்கு நிலையம் அழுத்தம் கொடுத்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஒன்றேகால் யூனிட் மின்சாரத்துக்கு மேல் வேண்டும். பம்ப் இழப்பு, குழாய் உராய்வு எல்லாம் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். கடல்நீரைக் குடிநீராக்கவே இன்று ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட்தான் ஆகிறது. ‘ஆற்றுத் தண்ணீர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, மின்சாரச் செலவில் கடல் தண்ணீருக்குப் பாதி வழி போய்விட்டது.

இவ்வளவு தூரம் போகவேண்டிய ஊராக பெங்களூர் பிறக்கவில்லை. பெரிய ஆறு இல்லாத மேட்டுநிலம் என்பதால் ஏரி வெட்டி, கிணறு தோண்டி வாழ்ந்த ஊர். கெம்பேகவுடா காலத்திலிருந்து வெட்டிய ஏரிகள் சங்கிலிபோல ஒன்றின் உபரியை இன்னொன்றுக்குக் கொடுத்தன. 1882-இல் சாங்கி ஏரியைக்கூட தண்ணீர்த் தேவைக்காகத்தான் கட்டினார்கள். ஏரிகள் மூடப்பட்ட வரலாற்றை எல்லோரும் பட்டியலாகச் சொல்வார்கள்: தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது, கோரமங்கலா ஏரி தேசிய விளையாட்டுக் கிராமமானது. இதில் என்னை நிறுத்துவது சம்பங்கி ஏரி. அது இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். அந்த ஏரியை நம்பித் தோட்டம் போட்டவர்கள் திகளர்கள். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த வேர் கொண்டவர்கள் என்று கருதப்படும் சமூகம். ஒவ்வோராண்டும் சைத்ர மாதப் பௌர்ணமியையொட்டி நடக்கும் பெங்களூர்க் கரகம் அவர்களுடையது. ஏரி போய்விட்டது, கரகச் சடங்குக்காக மட்டும் ஒரு மூலையில் சிறு குளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். நீரை மறந்த நகரம் சடங்கை மறக்கத் துணியவில்லை.

ஏரிகள் ஏன் போயின? நில ஆசை என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. பெங்களூரின் ஏரிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஹரிணி நாகேந்திரா போன்றவர்கள் இன்னொன்றையும் காட்டுகிறார்கள். தொலைவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் பக்கத்து நீரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 1894-இல் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் அர்க்காவதியின் தலைப்பில் ஹெசரகட்டாவில் நீர்த்தேக்கம் எழுந்தது. அது போதாமல் 1933-இல் அதே ஆற்றின் நடுப்பகுதியில் திப்பகொண்டனஹள்ளி. குழாய் திறந்தால் தண்ணீர் வரும்போது வாசல் கிணற்றைத் தூர்வார யார் கூலி கொடுப்பார்கள்? கிணறு குப்பைக்குழியானது. ஏரி முதலில் சாக்கடைக்கும் அப்புறம் மனைக்கும் போனது. பிறகு அந்த இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் வரத்து அற்று, நகரத்தின் கழிவு கலந்து, இரண்டையுமே நகரம் கைவிட்டது. இதற்கிடையே 1974-இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் வந்தது. 1982, 1993, 2002, 2012 என்று கட்டம் கட்டமாகக் குழாய் பருத்தது.

இப்போது மேகதாது. அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்ட கர்நாடகம் 2019 ஜனவரியில் விரிவான திட்ட அறிக்கையை டெல்லிக்கு அனுப்பியது. வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். அர்க்காவதியின் தலைமாட்டில் தொடங்கிய தாகம், ஒன்றேகால் நூற்றாண்டில் அந்த ஆற்றை முழுக்கத் தின்று, அது முடியும் இடத்துக்கே வந்து கைநீட்டுகிறது. மேகதாதுவைத் தமிழ்நாட்டுக்கு எதிரான அணையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். பெங்களூர் தன் சொந்த ஆற்றைத் தொலைத்த கணக்கும் அதில் இருக்கிறது.

காய்ந்த போர்கள்

2023-இல் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்குக் காவிரி நீர் திறப்பதை எதிர்த்து செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடக பந்த். அந்த நாட்களில் இந்தப் பகுதித் தமிழர்கள் 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் நினைத்துக்கொண்டு கடையைச் சீக்கிரம் சாத்தினார்கள். அந்த இரண்டும் காவிரியின் பெயரால் இந்த ஊரில் நடந்த கலவரங்கள்.

2024 பிப்ரவரி தாண்டுவதற்குள் போர்கள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்கின. அரசின் ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 13,900. அதில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே.சிவகுமார் சொன்னார். தன் வீட்டுப் போரும் காய்ந்துவிட்டது என்றார். தினம் 260 கோடி லிட்டர் தேவைப்படும் இடத்தில் 50 கோடி லிட்டர் குறைகிறது என்றார் முதல்வர் சித்தராமையா. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் மார்ச்சில் உத்தரவு போட்டது.

டேங்கர் விலைக்கும் உச்சவரம்பு வந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் என்றால் 600 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய், வரி தனி. அதாவது 6,000 லிட்டர் டேங்கரில் ஆயிரம் லிட்டருக்கு நூறு ரூபாய். காவேரி இணைப்பு உள்ள வீட்டுக்கு வாரியத்தின் முதல் படிக்கட்டணம் அப்போது ஆயிரம் லிட்டருக்கு ஏழு ரூபாய். அரசாங்கம் ‘நியாயம்’ என்று நிர்ணயித்த டேங்கர் விலையே பதினான்கு மடங்கு. சம்ப் வைத்திருப்பவரால் டேங்கர் வாங்க முடியும். சம்ப் இல்லாத ஒண்டுக்குடித்தனத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டரை எதில் கொட்டுவார்கள்? அவர்கள் குடத்துக் கணக்கில் வாங்குகிறார்கள், குடத்துக் கணக்கில் எப்போதுமே விலை கூடுதல். உலகம் முழுக்க இதே கதைதான். தண்ணீர் குறையும்போது முதலில் குறைவது ஏழையின் தண்ணீர்.

பெங்களூரின் அடியில் இருப்பது கருங்கல். மணல்படுகை உள்ள ஊர்களைப்போல இங்கே நிலம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே சில பத்தடி சிதைந்த பாறை மண். கீழே விரிசல்களில் மட்டும் நீர். ஆயிரம் அடி, ஆயிரத்து ஐந்நூறு அடி என்று துளைப்பவர்கள் ஒரு விரிசல் கிடைக்குமா என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். கிடைத்தாலும் அது பல்லாண்டுகளாக ஊறிய சேமிப்பு.

இந்தப் போர்களை நம்பித்தான் ஒருகாலத்தில் காவிரியே பங்கிடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

தீர்ப்பில் ஒரு கணக்கு

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பு சொன்னபோது பெங்களூரின் குடிநீர்த் தேவையை இரண்டு காரணம் காட்டிக் குறைத்தது. ஒன்று, நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது. இரண்டு, தேவையில் பாதி நிலத்தடி நீரிலிருந்து கிடைத்துவிடும். 2018 பிப்ரவரி 16-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இரண்டையும் ஏற்கவில்லை. பெங்களூருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. கர்நாடகத்துக்கு மொத்தம் 14.75 கூடியது, தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டியது 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதை ‘குறைத்துவிட்டார்கள்’ என்ற ஒரே வரியில் படித்து முடித்தோம். நிலத்தடி நீரைப் பற்றி நீதிமன்றம் சொன்னதை 2024-இன் காய்ந்த போர்கள் சரியென்று நிரூபித்துவிட்டன.

ஆனால் இன்னொரு கணக்கு யார் கண்ணிலும் படாமல் நகர்ந்துவிட்டது. குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதம்தான் உண்மையில் ‘செலவு’ என்று நடுவர் மன்றம் வைத்துக்கொண்டது. மீதி 80 சதவீதம் கழிவாக ஆற்றுக்கே திரும்பும் என்பது அனுமானம். பொறியாளர்கள் உலகெங்கும் ஒப்புக்கொள்ளும் விகிதம்தான் அது. ஆகவே 4.75 டி.எம்.சி. என்பது குழாயில் வரும் அளவல்ல. அதைப்போல ஐந்து மடங்கு, சுமார் 24 டி.எம்.சி. எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள்.

சரி, திரும்பும். எந்த ஆற்றுக்கு?

ஜீவனஹள்ளியின் குளியலறையிலிருந்து போகும் தண்ணீர் காவிரிக்குத் திரும்பாது. இந்தச் சரிவின் சாக்கடை எல்லாம் தென்பெண்ணைப் படுகைக்கு இறங்குகிறது. காவிரியைப் பொறுத்தவரை கிழக்கு பெங்களூர் குடிக்கும் ஒவ்வொரு குடமும் முழுக்கச் செலவுதான். காவிரிப் பேரேட்டில் வரவாக எழுதிய 80 சதவீதம் தென்பெண்ணையின் பேரேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அழுக்கு நோட்டாக. இதைச் சொல்வதால் ஜீவனஹள்ளிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று ஆகாது. தாகத்துக்குப் படுகை எல்லை தெரியாது. சென்னை மட்டும் யோக்கியமா என்ன? கண்டலேறு வழியாகக் கிருஷ்ணாவையும், வீராணம் வழியாகக் காவிரியையும் குடிக்கிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். பெரிய நகரம் எதுவும் தன் மழையில் மட்டும் வாழவில்லை. குடித்ததைத் திரும்பக் கொடுக்கும்போது எந்த நிலையில், யாரிடம் கொடுக்கிறது என்பதில்தான் ஒரு நகரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

பெங்களூர் எப்படிக் கொடுத்தது என்பதற்கு பெல்லந்தூர் சாட்சி. நகரத்தின் கிழக்குச் சாக்கடையில் பெரும்பகுதி போய்ச் சேரும் அந்த ஏரி 2015-இல் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி. 2018 ஜனவரியில் மறுபடி. ஏரி எரிகிறது என்று உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. சோப்பு நுரை சாலையில் பறந்தது. அதற்குக் கீழே வர்த்தூர், அப்புறம் தட்சிண பினாகினி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது மதகருகே வெள்ளை நுரை மலைபோல எழும்பும். தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு இது ஆண்டுதோறும் வரும் செய்தி. அந்த நுரையில் ஜீவனஹள்ளித் துணி துவைத்த சோப்பும் இருக்கிறது. துவைத்தவர் பேசுவது தமிழ், அந்த நீரில் வயலுக்குப் பாய்ச்சுபவர் பேசுவதும் தமிழ்.

கோலாரின் தக்காளி

2018-இல் ஒரு திருப்பம். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, தினம் 44 கோடி லிட்டர் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் ஓடத் தொடங்கியது. பிறகு ஹெப்பால்–நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து 21 கோடி லிட்டர் சிக்கபள்ளாப்பூர் பக்கத்துக்கு. கோலார் நிரந்தர ஆறே இல்லாத மாவட்டம். ஆயிரம் அடிக்கும் கீழே போன போர்களில் நீர் மேலேறியது, வற்றிய கிணறுகளில் தண்ணீர் தெரிந்தது. உலகில் இந்த அளவில் கழிவுநீரைக் கொண்டு நிலத்தடியை நிரப்பிய முயற்சிகள் குறைவு. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்யாமல், இரண்டாம் நிலையோடு ஏரியில் விடுவது ஆபத்து என்று எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. அந்த எதிர்ப்பை வீண் பயம் என்று தள்ள முடியாது. பாறை விரிசலில் ஒருமுறை இறங்கிய ரசாயனத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. என்றாலும் அளவைப் பார்த்தால், அதுவரை பெல்லந்தூரில் எரிந்துகொண்டிருந்த நீர் அல்லவா இது.

கோலாரின் ஏரிகளில் பல பாலாற்றுப் படுகையில் இருப்பவை. ஆக, காவிரியில் எடுத்து, பெண்ணைச் சரிவில் குடித்து, பாலாற்றுத் தலைப்பில் ஊற்றுகிறோம். அந்த ஈரத்தில் விளைந்த தக்காளி கோலார் மண்டியிலிருந்து லாரி ஏறி கோயம்பேட்டுக்கு வருகிறது. காவிரி நீர் தமிழ்நாட்டுக்கு வர இப்படியும் ஒரு வழி உண்டு. இதை எந்த ஆணையமும் அளப்பதில்லை.

உலகில் உள்ள மொத்த நீரில் நன்னீர் இரண்டரை சதவீதம், அதிலும் பெரும்பகுதி பனியாகவும் பாதாளத்திலும் கிடக்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். உலகின் மொத்த நீர் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது மழை வரும் நேரமும் வேகமும்தான். அதைச் சமாளித்த ஊர்கள் எல்லாம் புதிய ஆற்றைத் தேடிப் போகவில்லை. நமீபியாவின் விந்தூக் நகரம் 1968-லிருந்து சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. சிங்கப்பூர் 2003-லிருந்து நியூவாட்டர் என்ற பெயரில் கழிவுநீரை மிகத் தூய நீராக்குகிறது. ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது என்ற பயம்தான் அவர்களை அதற்குத் தள்ளியது. கேப்டவுன் 2018-இல் ‘குழாய் நிற்கும் நாள்’ என்று தேதி குறித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தி, மழை வரும்வரை தாக்குப்பிடித்தது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு 2019-லிருந்து தருகிறார்கள். குடிக்க மனம் ஒப்பாது என்பார்கள். பெல்லந்தூருக்குக் கீழே உள்ளவர்களிடம் அப்படி யாரும் மனம் கேட்டதில்லை.

2024 அக்டோபர் 16-இல் காவிரி ஐந்தாம் கட்டத்தைத் தொரேகாடனஹள்ளியில் தொடங்கிவைத்தார்கள். தினம் 77.5 கோடி லிட்டர், ஜப்பான் கடனுதவி, நகரத்தோடு 2007-இல் சேர்ந்தும் குழாய் பார்க்காத 110 கிராமங்களுக்கு. நல்ல காரியம். அதே வாரம் பெங்களூர் மழையில் மிதந்தது. மான்யதா டெக் பார்க்குக்குள் வெள்ளம் புகுந்தது, அலுவலகங்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. ஏழு மாதம் முன்பு குடத்துக்கு அலைந்த ஊர், நூறு கிலோமீட்டர் தாண்டி நீரை ஏற்றிக்கொண்டே, காலடியில் நின்ற நீரைத் துரத்தியது.

ஐந்து கட்டமும் சேர்ந்து இப்போது தினம் 222.5 கோடி லிட்டர். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 28 டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் நிரம்பினால் கொள்வது 93.47, அதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. இதில் எண்பது சதவீதம் கழிவாக வெளியேறும். 22, 23 டி.எம்.சி. ஆண்டு தவறாமல், மழை பொய்த்தாலும் பொய்க்காமல் வருகிற நீர் அது. மேகதாதுவால் பெங்களூருக்குக் கிடைக்கும் என்று சொல்லப்படும் அளவும் ஏறக்குறைய இதேதான். அணைக்கு வழக்கு, வனநிலம், அண்டை மாநிலத்தின் இசைவு எல்லாம் வேண்டும். இதற்குச் சுத்திகரிப்பு நிலையமும் இரட்டைக் குழாயும் மின்சாரமும் போதும். ஆனால் சாக்கடை சுத்திகரிப்புக்காக எந்தக் கட்சியும் பாதயாத்திரை போனதாகத் தெரியவில்லை. மேகதாதுவுக்காக 2022 ஜனவரியில் காங்கிரஸ் போனது.

மழைக்கணக்கும் இருக்கிறது. பெங்களூரின் ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் அது ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர், ஒன்பது பெரிய டேங்கர். 2009-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் திருத்தினார்கள். பல வீடுகளில் அது ஒரு பைப்பும் ஒரு ரசீதுமாக முடிந்தது. பயோம் அறக்கட்டளையின் எஸ்.விஸ்வநாத் போன்றவர்கள் பத்து லட்சம் உறிஞ்சு கிணறு என்று ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு ஒட்டர்கள்தான் அதன் கைகள். கப்பன் பார்க்கில் மண்மூடிக் கிடந்த பழைய கிணறுகளை அவர்கள் தூர்வாரியபோது தண்ணீர் ஊறியது. இருபது முப்பது அடியில். பக்கத்திலேயே ஆயிரம் அடிக்குப் போர் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஜீவனஹள்ளியின் நெருக்கமான சந்துகளில் வீட்டுக்கொரு கிணறு நடக்காது. பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் சாலை முக்கிலும் நடக்கும். வாரியமோ மாநகராட்சியோ செய்யவேண்டிய வேலை அது, வாடகைக்குக் குடியிருப்பவர் செய்யவேண்டியதல்ல.

காவிரிக்கு ஆணையம் இருக்கிறது, ஒழுங்காற்றுக் குழு இருக்கிறது, அவ்வப்போது கூடிக் கனஅடி பேசுகிறார்கள். தென்பெண்ணைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1892-இல் மைசூரும் மதராஸும் போட்ட ஒப்பந்தத்தில் அந்த ஆறும் உண்டு. அது பேசுவது புதிய அணை கட்டும் உரிமை பற்றி. தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனதும் அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே யர்கோளில் கர்நாடகம் கட்டிய அணைக்காகத்தான். எவ்வளவு தண்ணீர் என்பதற்கு வழக்கு உண்டு. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் மாதிரிப் புட்டிகள்தான். பெங்களூரில் சாக்கடை சுத்திகரிப்பை உயர்த்தினால் முதலில் பயன்பெறுபவர் கெலவரப்பள்ளிப் பாசனக்காரர். அதே நீரைப் பெங்களூர் முழுக்கத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கினால் முதலில் இழப்பவரும் அவரேதான். கோடையில் அந்த அணைக்கு வருவதில் பெரும்பங்கு நகரத்தின் கழிவுநீர். அதை அசல் ஆற்றுநீரைப்போல நம்பித்தான் பூவும் காய்கறியும் போட்டிருக்கிறார்கள். காவிரிக் கணக்கில் திரும்பும் என்று எழுதிய எண்பது சதவீதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு எவ்வளவு, எந்தத் தரத்தில் என்று இரு மாநிலமும் உட்கார்ந்து எழுதவேண்டிய ஒப்பந்தத்தின் முதல் வரிகூட இன்னும் எழுதப்படவில்லை.